அடுத்த கச்சேரி எங்கே?

பழைய பஸ் ஸ்டாண்டுப் பூக்கடை ஓரத்தில், ராக்கம்மாள் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கைப்பையை நழுவவிட்ட நாகஜோதியை, போன வாரம் நாம் அப்படியே நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

"ஒங்கண்ணன் இசக்கிமுத்து இங்கனதான் திரியுதான் பிள்ள. கம்பெனி கம்பெனியா மாறி மாறி வேல பாக்கானாம். சம்பளத்துக்கு இல்ல, ஒன்னத் தேடித்தான்." ஊர்க்காரி ராக்கம்மாள் இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு முல்லைப் பூவுக்கு விலை பேசப் போய்விட்டாள்.

தாராபுரம் பக்கம் ஒரு நூல் மில் விடுதியில் இருந்த நாகஜோதி, மில் ஆண்டு விழாவுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்த அமலதாசைக் காதலித்து, வீட்டுக்குச் சொல்லாமல் அவனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். வேறு சாதி, வேறு மதம். கையில் கிடைத்தால் முதலில் அவன், பிறகு இவள் என்று அண்ணன் ஊர் நடுவில் நின்று சொன்னதும் தெரியும். அமலதாஸ் அந்த அண்ணனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுச் சேதியை நாகஜோதி ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவள் ரோஸ்மேரி, அமலதாசின் அண்ணன் சகாயராஜின் மனைவி. "அவருட்ட சொல்லாதீங்கக்கா. பயந்து ஊர விட்டே கெளம்பிருவாவ" என்று கெஞ்சி, ரோஸ்மேரியின் வாயையும் கட்டிப்போட்டிருந்தாள். ஆக வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், ஆண்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இந்த வீட்டில் இதுதான் கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலையில், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சகாயராஜின் 'நொய்யல் ராகங்கள்' ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரி. ஸ்பீக்கர் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அமலதாஸ் காலையிலேயே போய்விட்டான். லைன் வீட்டின் முன்னறையில் சகாயராஜ் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் பூசைக்குப் போய் வந்த ரோஸ்மேரி சேலை மாற்றாமல் அப்படியே அடுப்படியில் நின்றாள். அந்த ஆர்கெஸ்ட்ராவின் பாடகியான நாகஜோதி, மாலையில் பாடவேண்டிய வரிகளை முணுமுணுத்துப் பார்த்தாள். குரல் வந்தது, மூச்சு மட்டும் பாதியில் அறுந்தது.

பகல் சாப்பாடு முடிந்த நேரம் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. வந்தவள் மோனிஷா. இன்றைய கச்சேரியை ஏற்பாடு செய்திருக்கும் திருவிழாக் கமிட்டியின் தலைவர் அப்புசாமியின் மகள். அப்புசாமிக்கு நெருப்பெரிச்சலில் சொந்தமாகப் பனியன் கம்பெனி இருக்கிறது. கோவையில் எம்.பி.ஏ. படிக்கும் இந்தப் பெண் தன் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வைத்திருக்கும் வெப்சைட்டுகள் ரசிகர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றனவா, இல்லை சும்மா பந்தாவுக்குத்தானா என்று ஆராய்ச்சி.

போன மாதம் அவள் முதல்முறை வந்தபோது சகாயராஜின் மானம் போயிருந்தது. "ஏனுங்கண்ணா, உங்க வெப்சைட்டத் தொறந்தா பூவாக் கொட்டுது, பாட்டு தானாக் கத்துது. ஆனா உங்களக் கூப்பிடறதுக்கு ஒரு நம்பரக் காணமுங்களே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கீபோர்டில் ஒரு சுரம் பிசகினாலே சாப்பிடாமல் படுத்துக்கொள்கிற மனிதர் சகாயராஜ். அடுத்த வாரமே கோயமுத்தூருக்குப் போய், டிசைனரின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வந்தார். என்னென்ன மாற்றினார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவராகச் சொல்லவும் இல்லை.

"ரிசல்ட் கொண்டாந்திருக்கறனுங்கண்ணா" என்றாள் மோனிஷா, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தபடி. "நீங்கதான் பர்ஸ்ட்டு."

சகாயராஜின் முகம் அலங்கார விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "அந்த ஈரோட்டுக்காரன் எத்தனாவது?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அவருதுல போன வருசத் திருவிழாவே இன்னும் அடுத்த நிகழ்ச்சின்னு இருக்குதுங்க. இன்னொருத்தரு பூராவும் இங்கிலீஷ்ல வெச்சிருக்காரு. எங்க கம்பெனி டெய்லர் ஒருத்தரு பாத்துட்டு, இது லண்டன் ஆர்கெஸ்ட்ராங்களான்னு கேட்டாரு." மோனிஷா சிரித்தாள். "நானா மார்க் போடலீங்க. டீ டைம்ல எங்க கம்பெனி ஆளுங்களக் கூட்டியாந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உட்கார வெச்சேன். ஒரு கச்சேரிக்குப் போறவங்க என்னென்ன தேடுவாங்களோ, அதத் தேடச் சொன்னேன். யாரு பாடறாங்க, எந்த ஊர்க்காரங்க, அடுத்த கச்சேரி எங்கே, எப்படிப் போறது. பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தனுங்க. உங்க வெப்சைட்ல மட்டும்தான் எல்லாருக்கும் எல்லாம் கெடச்சுது."

டீயோடு வந்த நாகஜோதி நிலைப்படியில் நின்றாள். "எந்த ஊர்க்காரங்கன்னு எதுக்குத் தேடணும்?"

"அதுதானுங்க்கா மொதல்லயே தேடறாங்க. தெக்கத்தி ஆளுங்க இங்க கோயில் கொடைன்னு திருவிழா வெச்சா, நம்ம ஊர்ப்பக்கத்துப் புள்ள யாராச்சும் பாடுதான்னு பாத்துட்டுத்தான் ஆர்கெஸ்ட்ராவே புடிக்கறாங்க."

உண்மைதான். சொந்த ஊரைவிட்டு இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு மேடையில் நிற்கிற பெண் தங்கள் பக்கத்தவள் என்றால் அது ஒரு பெருமை. கை தட்டுவதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

"அதான் போட்டாச்சுல்லா" என்று சகாயராஜ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

பச்சைச் சேலையில், கையில் மைக்கோடு, திரை கொள்ளாத அளவுக்கு நாகஜோதி நின்றாள். இதுநாள்வரை மேடையில் அவள் வெறும் 'ஜோதி'தான். அதற்குமேல் அறிவிக்கக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து இருந்துவந்த ஏற்பாடு. இங்கே முழுப் பெயரும் இருந்தது. கீழே, 'சொந்த ஊர்: செம்மண்குளம், கோவில்பட்டி அருகில்.' அதற்கும் கீழே டிரம்ஸ் முன்னால் சிரிக்கும் அமலதாசின் படம். 'பாடகி நாகஜோதியின் கணவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாட வருகிற பெண் குடும்பத்தோடு வருகிறாள் என்று தெரிந்தால் கமிட்டிக்காரர்கள் மரியாதை கொடுப்பார்கள். சகாயராஜ் அதை நினைத்துத்தான் போட்டிருந்தார்.

டம்ளரிலிருந்த டீ தட்டில் சிந்தியது. நாகஜோதி திரைக்கு அருகே வந்தாள்.

"அத்தான், எம்பேர எதுக்குப் போட்டீய? ஊர எதுக்குப் போட்டீய?"

"ஏம்மா, இதுல என்ன இருக்கு? செம்மண்குளத்துல எவன்ட்ட கம்ப்யூட்டர் இருக்கு? பாதி நேரம் அங்க கரண்டே கெடையாது."

அடுப்படியிலிருந்து ரோஸ்மேரி வந்துவிட்டாள். "செம்மண்குளத்துல எதுக்குய்யா கம்ப்யூட்டர் இருக்கணும்? பாதி ஊரு இங்க தையல் மிஷின்லல்லா உக்காந்திருக்கு."

இது சகாயராஜுக்குத் தோன்றவே இல்லை. அவர் மட்டுமல்ல, இங்கே வந்து குடியேறிய பலரும் அப்படித்தான். ஊர் என்றால் இன்னும் எங்கோ தெற்கே, தாங்கள் விட்டுவந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் பின்னாலேயே பஸ் ஏறி வந்து, அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்திருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நிலைமை புரியாத மோனிஷா சமாதானம் சொல்ல முனைந்தாள். "நல்லாத்தானுங்க்கா வந்திருக்குது. ஒரே ஒரு மார்க்குத்தான் குறைச்சிருக்கறேன். கச்சேரி எப்ப முடியும்னு போடலீங்க. பொம்பளைங்க பூராவும் அதத்தான் கேட்டாங்க. கடைசி பஸ்ஸப் புடிக்கோணுமல்லங்க?"

"கூட்டம் கலைஞ்சா முடியும். அதப் போயி எப்படிப் போடுறது?" என்று சகாயராஜ் மெதுவாகச் சொன்னார். அவர் கண் மனைவியின் முகத்திலேயே இருந்தது.

"மத்தபடி குறையே இல்லீங்க. எங்க பேக்கிங்ல புதுசா ஒருத்தரு சேர்ந்திருக்காரு. அவரத்தான் என் புராஜெக்ட்ல உதாரணமா எழுதியிருக்கறேன். மத்தவங்கெல்லாம் பாட்டுக் கேக்கறதுலயே நின்னுட்டாங்க. அவரு உங்க போட்டோ வந்ததும் அப்படியே உட்கார்ந்துட்டாருங்க. பெருசு பண்ண முடியுமான்னாரு. பண்ணிக் காட்டினேன். அப்புறம் டிரம்ஸ் அண்ணா போட்டோவையும் பெருசு பண்ணச் சொன்னாரு. எடம், நேரம் எல்லாம் அவரே கண்டுபுடிச்சாரு. அந்தப் பக்கத்த அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுங்கன்னாரு, குடுத்தேன். தேடி வந்தது முழுசாக் கெடச்ச ரசிகர்ன்னு எழுதி வெச்சிருக்கறனுங்க்கா."

நாகஜோதி தட்டைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

"அவரு பேரு என்ன?"

"இசக்கிமுத்துங்க."

ரோஸ்மேரியும் நாகஜோதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சகாயராஜ் மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தெக்க தெருவுக்குப் பத்து இசக்கிமுத்து இருப்பான். இதுக்குப் போயி ஏன் இப்படி மொகம் வெளுக்கிய?"

"அவருக்கு வலது கை எப்படி இருக்கும்?" நாகஜோதி மோனிஷாவை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"வலது கைங்களா?" மோனிஷா யோசித்தாள். "நடுவெரல் பாதிதானுங்க இருக்கும். மவுசப் புடிக்கவே சிரமப்பட்டாரு. நாந்தான் நகர்த்திக் குடுத்தேன்."

அண்ணனின் பதினைந்து வயதில் தீப்பெட்டி ஆபீஸ் மிஷினில் போன விரல். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நாகஜோதி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். பாதி விரல் இருந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் அண்ணனுக்கு வலிக்குமோ என்று பயந்து, சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்வாள். இப்போது அவள் பயப்படுவதும் அதே கைக்குத்தான்.

ரோஸ்மேரிதான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு, ராக்கம்மாள், இசக்கிமுத்து, ஒரு வாரமாக மூடி வைத்தது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டினாள். சகாயராஜ் கீபோர்டின் மேல் கையை ஊன்றினார். அது மின்சாரம் இல்லாமல் ஊமையாகக் கிடந்தது நல்லதாகப் போயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க சொன்னீயளா?" என்றாள் ரோஸ்மேரி.

அதற்குமேல் சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. நாகஜோதி தன் செல்போனை எடுத்து அமலதாசின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்தது இந்த அறையிலேயே, கீபோர்டு உறைக்குப் பக்கத்தில். வெப்சைட்டில் தொடர்புக்கு என்று அமலதாசின் நம்பரைத்தான் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், கச்சேரி நாட்களில் போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவது அவன் வழக்கமாகியிருந்தது.

சகாயராஜ் அந்தப் போனிலிருந்தே டிசைனரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தை உடனே எடுத்துவிடச் சொன்னார். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டிய புண்ணியவான், எடுப்பதற்குத் திங்கட்கிழமை ஆகும் என்றான். இன்றைக்கு லீவாம்.

"எடுத்து மட்டும் என்ன செய்ய? பிரிண்டு அவன் சட்டப்பையில கெடக்கு" என்றாள் ரோஸ்மேரி.

மோனிஷா அழுகிற நிலையில் இருந்தாள். செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் மேளம் காதைக் கிழித்தது.

"அப்பா, நம்ம பேக்கிங் இசக்கிமுத்து இருக்காருங்கல்ல, அவர..."

"இங்கதான் இருக்கறான் கண்ணு" என்றது அப்புசாமியின் குரல். "காத்தாலயே வந்துட்டான். கோயில் காரியத்துல ஒரு கை குடுக்கறனுங்கன்னு சொல்லி, ஸ்டேஜ் வேல பூராவும் அவந்தான் பாக்கறான். தங்கமான பையன்."

"அப்பா, அவரக் கொஞ்சம் புடிச்சு வெய்யுங்க. அந்த டிரம்ஸ் வாசிக்கறவரு கிட்ட விடாதீங்க."

"என்ன கண்ணு? ஒண்ணும் கேக்கல. மேளம் அடிக்கறாங்க. வந்து பேசு சாமி." அழைப்பு அறுந்தது.

காத்தாலயே. இந்த ஒரு சொல் நாகஜோதியின் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அமலதாஸ் போனதும் காலையில்தான். இத்தனை நேரம் அந்த மேடையில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள்.

"நீ உள்ள இரு. கதவச் சாத்திக்கோ" என்று ரோஸ்மேரி அவள் தோளைப் பிடித்தாள். "நானும் இவுகளும் போறோம்."

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் அண்ணன் மொகத்தப் பாத்ததில்ல. அவரும் பாத்ததில்ல. பக்கத்துல நிக்கிறது யாருன்னு தெரியாமலே நின்னுகிட்டு இருக்காவ. சொல்லவிடாமச் செஞ்சவ நான்." நாகஜோதி தோளிலிருந்த கையை விலக்கினாள். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. இங்க இருந்தா இன்னும் பயமா இருக்கும்."

ஸ்கூட்டியில் மோனிஷாவின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வருவதாக சகாயராஜ் கத்தியது காதில் விழுந்தது.

ஞாயிறானதால் கம்பெனிகளின் இரும்புக் கதவுகள் மூடிக் கிடந்தன. டீக்கடைகளில் மட்டும் கூட்டம். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒவ்வொரு ஆளும் அண்ணனாகத் தெரிந்தான். ஒரு திருப்பத்தில் எதிரே வந்த மொபெட்காரன் கையைத் தூக்கியபோது நாகஜோதி மோனிஷாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் யாருக்கோ வணக்கம் வைத்தான்.

"நல்லது பண்றதா நெனச்சனுங்க்கா" என்றாள் மோனிஷா, காற்றில் குரல் உடைய. "வர்றவங்களுக்கு எல்லாம் கெடைக்கோணும்னு மட்டும்தான் பாத்தேன். வர்றது யாருன்னு பாக்கலீங்க."

"நீங்க என்ன செய்வீய? நாளைக்கு அதையும் சேத்து எழுதிக்கோங்க" என்றாள் நாகஜோதி. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையில் அவள் பேசியதே, வாய் சும்மா இருந்தால் பல் கிட்டித்துவிடும் போலிருந்ததால்தான்.

நெருப்பெரிச்சல் கோயில் மைதானத்தில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேளக்காரர்கள் அம்மனோடு தெருவுக்குள் போயிருந்தார்கள். அப்புசாமியையும் காணவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கு அடுக்காக நின்றன. சீரியல் விளக்குகள் எரியாமல் தொங்கின. மேடையில், டிரம்ஸ் செட்டுக்கு முன்னால், ஒற்றை ஆளாகக் குனிந்து திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான் அமலதாஸ்.

உயிரோடு இருந்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மேடை மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஜோதி, இவ்வளவு சீக்கிரம்?" அவன் நிமிர்ந்து சிரித்தான். "நல்லதாப் போச்சு, மைக் பாத்துரலாம். இன்னைக்கு எனக்கு வேலையே இல்ல. ஒரு அண்ணாச்சி காலையில இருந்து கூடவே நிக்காரு. பெட்டி தூக்குறது, வயர் இழுக்கிறது, எல்லாம் அவருதான். சாப்பாடுகூட வாங்கிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து பரிமாறுனாரு. ஒங்க ஊர்ப்பக்கம்தான் போல. நீ எத்தன மணிக்கு வருவேன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு."

"கீழ எறங்குங்க" என்றாள் நாகஜோதி. "வாங்க, போவோம். ஒண்ணும் கேக்காதீங்க. எறங்குங்க."

"என்ன ஆச்சு?"

ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து, தோளில் வயர்ச் சுருளோடு ஒருவன் வந்தான். முன்னைவிட மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். வயரைப் பிடித்திருந்த கையில் நடுவிரல் பாதியோடு நின்றிருந்தது. மோனிஷா நாகஜோதியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அமலதாஸ் மட்டும் சந்தோஷமாக, "ஜோதி, நான் சொன்ன அண்ணாச்சி இவுகதான்" என்றான்.

இசக்கிமுத்து வயரை அவசரமில்லாமல் இறக்கி, அமலதாசின் காலருகே வைத்தான். தங்கையை ஏற இறங்கப் பார்த்தான்.

"நல்லாருக்கியா தாயி?"

அவள் முகத்தைப் பார்த்த அமலதாசின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவன் ஒருமுறை அவளையும் ஒருமுறை அந்த ஆளையும் பார்த்தான்.

இசக்கிமுத்து சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். அதில் இரண்டு படங்களும் தெரிந்தன. மேலிருந்து கீழ்வரை ஒருதரம் விரலோட்டிப் பார்த்தான்.

"எல்லாம் தெளிவாத்தான் போட்டிருக்கு. வந்து சேர ஒரு சிரமமும் இல்ல" என்றான். பிறகு மோனிஷா பக்கம் திரும்பி, கம்பெனியில் பேசுகிற அதே பணிவோடு கேட்டான்.

"கச்சேரி எப்பம்மா முடியும்? அத மட்டும் இதுல காணோம்."